தையலுக்கு ஏன் தையல்?

மனித உடம்பில் எங்கேயும் தையல் கிடையாது. பிரம்மதேவன் முதுகைத் தனியாகவும் மார்பைத் தனியாகவும் செய்து, கைகள் இரண்டையும் வேறொரு நாள் சாவகாசமாகச் செய்து, கடைசியில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்து விலாவிலும் தோளிலும் மூட்டினான் என்று எந்தப் புராணமும் சொல்லவில்லை. ஆனால் கம்பளி ஸ்வெட்டர் பின்னச் சொல்லிக் கொடுக்கும் புஸ்தகங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் சிருஷ்டி நடத்துகின்றன. முதுகு ஒரு துண்டு, மார்பு ஒரு துண்டு, கை இரண்டு துண்டு. 'எல்லாம் முடிந்தபின் நாலையும் சேர்த்துத் தைத்துவிடவும்' என்று கடைசியில் ஒரு வரி. இந்தக் கடைசி வரியை இவ்வளவு சுலபமாக எழுதிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கிறவர்கள் மேல் எனக்கு வெகு நாளாகக் கோபம். அந்தக் கோபத்தை இன்று கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்லிவிடப் போகிறேன்.

என் கட்சி இதுதான்: ஸ்வெட்டரை, அதிலும் பட்டைப் பட்டையாகக் கோடு போட்ட ஸ்வெட்டரை, ஒரே துண்டாகத்தான் பின்ன வேண்டும். துண்டு துண்டாகப் பின்னித் தைப்பது கைப்பின்னலுக்கு இயல்பான முறையே அல்ல. தையற்காரனிடமும் யந்திரத்திடமும் கடன் வாங்கிய பழக்கம் அது. கடன் வாங்கியது யாரோ; வட்டி கட்டுகிறவர்கள் பின்னுகிற பெண்கள்.

'ஒரு ஸ்வெட்டருக்காக இவ்வளவு பெரிய சண்டையா? கதை எழுதுகிறவர்களுக்கு வேறு வேலை இல்லையா?' என்று வாசகர்கள் புன்னகை செய்யலாம். சென்னையின் புழுக்கத்தில் விசிறியும் கையுமாக இதைப் படிக்கிறவர்களுக்கு ஸ்வெட்டரே ஒரு வேடிக்கைப் பொருள்தான். தில்லியில் ஒரு குளிர்காலம் கழித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். டிசம்பர் பிறந்துவிட்டால், வெயில் விழுகிற இடமெல்லாம், புல்தரையிலும் மொட்டை மாடியிலும் பஸ் நிற்குமிடத்திலும், பெண்கள் பின்னிக்கொண்டிருந்த காலம் அங்கே உண்டு. கரோல்பாகில் குடியேறிய நம் ஊர்க் குடும்பங்கள் பல, பஞ்சாபி அண்டை வீட்டுக்காரியிடமிருந்துதான் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டன. ஊசியில் ஏறுகிற ஒவ்வொரு வளையத்தையும் கண் என்கிறோம். பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் சாதாரண ஸ்வெட்டர் ஒன்றில் அப்படி 40,000 கண்ணுக்குக் குறையாது. 40,000 தரம் ஒரு பெண்ணின் விரல் அசைந்த பிறகு, அவளுடைய உழைப்பு உடுப்பாகுமா, பெட்டியில் கிடக்குமா என்பது அல்பமான விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

பெட்டியில் கிடக்கிறது என்று சொன்னது வெறும் அலங்காரம் இல்லை. பின்னுகிற வழக்கம் உள்ள வீடுகளில் டிரங்குப் பெட்டியைத் திறந்து அடிவரையில் பாருங்கள். நாப்தலீன் உருண்டைகளுக்கு நடுவே ஒரு முதுகு இருக்கும். ஒரு மார்பு இருக்கும். சில சமயம் இரண்டு கைகளும்கூட இருக்கும். எல்லாம் பின்னி முடிந்தவை; தைக்கத்தான் மனசு வரவில்லை. பின்னுவதில் உள்ள ருசி வேறு, தைப்பதில் உள்ள ருசி வேறு. ஒன்றில் கெட்டிக்காரியாக இருப்பவள் மற்றதிலும் அப்படி இருந்தே தீர வேண்டும் என்று என்ன சட்டம்? தமிழில் பெண்ணுக்கும் தையல் என்று ஒரு பெயர் இருப்பது வாஸ்தவம். அதற்காக ஒவ்வொரு தையலும் தைத்தே தீர வேண்டுமா? யாருக்காக அந்த ஸ்வெட்டர் தொடங்கியதோ அந்தப் பிள்ளை வளர்ந்து, உத்தியோகமாகி, தனக்கு வேண்டிய ஸ்வெட்டரைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறான். பெட்டியில் இருக்கிற முதுகு அவனுடைய ஐந்து வயசு முதுகு.

இந்தத் துண்டு வழக்கம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் யோசிக்கலாம்.

தறியிலிருந்து வருகிற துணி தட்டை. அதைக் கொண்டு உடம்பை மூட வேண்டுமானால், ஒன்று நம் முன்னோர்களைப் போல் அப்படியே சுற்றிக்கொள்ள வேண்டும். அல்லது வெட்டித் தைக்க வேண்டும். தையற்காரனுக்கு வேறு வழியே இல்லை. ஆகவே அவன் முதுகு வேறு, மார்பு வேறு, கை வேறு என்று வெட்டுகிறான். ஆனால் பின்னல், துணியை எடுத்து வெட்டும் வேலை அல்ல. அது ஒரே நூல், கண்ணுக்குள் கண்ணாகப் புகுந்து போவது. கண்ணைக் கூட்டினால் அகலும், குறைத்தால் குறுகும், வட்டமாகப் போனால் குழாயாகும். எந்த உருவம் வேண்டுமோ அந்த உருவத்திலேயே பிறக்கக்கூடிய பொருளைத் தட்டையாகச் செய்து, பிறகு மூட்டி உருண்டையாக்குவானேன்? குயவன் பானையை நாலு சில்லாகச் சுட்டு ஒட்டுவதில்லை. கூடை முடைகிறவள் அடியில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி மேலே வருகிறாள். 'உன் கூடைக்கு விலாத் தையல் எங்கே அம்மா?' என்று அவளைக் கேட்டால் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பாள்.

கைப்பின்னலின் பழைய சரித்திரமும் என் பக்கம்தான் பேசுகிறது. எகிப்தில் கிடைத்திருக்கும் நீலமும் வெள்ளையுமான பருத்திக் காலுறைகள் ஏறத்தாழ 800, 900 வருஷத்துக்கு முந்தியவை. வட்டமாகப் பின்னியவை, தையல் இல்லாதவை. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்துக் கலைக்கூடத்தில் மாஸ்டர் பெர்ட்ராம் என்ற ஓவியரின் ஒரு படம் இருக்கிறது. 1400-ஆம் வருஷத்தை ஒட்டித் தீட்டியது. மேரி மாதா உட்கார்ந்து பின்னிக்கொண்டிருக்கிறாள். கையில் நாலு ஊசிகள். சிறிய சட்டை ஒன்று கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. கழுத்துப் பகுதிதான் ஊசியில் இருக்கிறது. சட்டையில் விலாத் தையலைக் காணோம். கிறிஸ்துவின் அங்கி தையலே இல்லாதது, ஆகையால் அதைக் கிழிக்க மனமின்றிச் சிப்பாய்கள் சீட்டுப் போட்டார்கள் என்று யோவானின் சுவிசேஷம் சொல்கிறதல்லவா? மேரியின் மடியில் அப்படிப்பட்ட அங்கிதான் உருவாகிறது என்று அந்தப் படத்தைப் பார்த்துக் கற்றவர்கள் சொல்வதுண்டு.

பக்தியை விட்டு வயிற்றுப் பாட்டுக்கு வருவோம். பிரிட்டனின் கடற்கரைகளில் மீனவர்கள் போட்டுக்கொண்ட 'கான்ஸி' என்ற கம்பளிச் சட்டையை அவர்கள் வீட்டுப் பெண்கள் ஐந்து எஃகு ஊசிகளில் வட்டமாகப் பின்னினார்கள். அக்குளில் கை தாராளமாக உயர ஒரு வைரவடிவத் துண்டு. அதுவும் தைத்துச் சேர்த்தது அல்ல, கூடவே பின்னியது. கையைத் தனியாகப் பின்னி ஒட்டுவதில்லை. தோளோரத்திலேயே கண்களை எடுத்து, அங்கிருந்து மணிக்கட்டை நோக்கிக் கீழே இறங்குவார்கள். காரணம் அழகு அல்ல, சிக்கனம். உப்புத் தண்ணீரிலும் கயிற்றிலும் அடிபட்டு முதலில் நைவது மணிக்கட்டுதான். நைந்த இடம் வரையில் உருவிவிட்டுப் புது நூலால் மறுபடி பின்னிவிடலாம். உடம்பு அப்படியே இருக்கும். இந்தப் பெண்களில் பலர் பின்னல் புஸ்தகம் எதையும் பார்த்தவர்கள் அல்லர். கையும் கண்ணும் கணக்கும்தான் அவர்களுக்குப் புஸ்தகம்.

அப்படியானால் தட்டைப் பின்னலுக்குக் கௌரவம் எப்படி வந்தது? பெரிய காரணம் ஒன்று, யந்திரம். 1589-ல் இங்கிலாந்தில் நாட்டிங்காமுக்கு அருகே வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் யந்திரத்தை உண்டாக்கினார். மகா புத்திசாலித்தனமான கருவிதான், சந்தேகமில்லை. ஆனால் அதற்குச் சுற்றிப் போகத் தெரியாது. முன்னும் பின்னும் போய்த் தட்டையாகத்தான் பின்னும். ஆகவே காலுறையைத் தட்டையாகப் பின்னிப் பின்புறம் ஒரு தையல் போட்டு மூட்டினார்கள். அந்தத் தையல் யந்திரத்தின் இயலாமை. காலம் போகப் போக, அதுவே லக்ஷணமாகிவிட்டது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது நைலான் காலுறை கிடைக்காமல், மேல்நாட்டுப் பெண்கள் வெறும் காலில் பென்சிலால் பின்புறம் ஒரு கோடு வரைந்துகொண்டார்கள். தையல் இருக்கிறது என்று நாலு பேர் நினைக்க வேண்டுமாம்! குறை ஒன்று முன்னூறு வருஷம் நம்மோடு இருந்துவிட்டால் அதற்குக் குலப்பெருமை வந்துவிடுகிறது. ஸ்வெட்டரின் விலாத் தையலும் அந்தக் குலத்தைச் சேர்ந்ததுதான்.

இனிக் கோடு போட்ட ஸ்வெட்டருக்கு வருகிறேன். ஒரே நிறத்தில் பின்னும்போது துண்டு முறையின் தோஷங்களை மறைத்துவிடலாம். பட்டை போட்டால் ஒன்றையும் மறைக்க முடியாது. முதுகில் 100 வரி, மார்பில் 101 வரி என்று ஒரே ஒரு வரி ஏறிப் போனாலும் விலாவில் நீலம் நீலத்தோடு சேராமல் வெள்ளையோடு இடித்துக்கொண்டு நிற்கும். பின்னுகிறவள் பென்சிலும் காகிதமுமாக வரி எண்ண வேண்டும். பாலைக் கவனிக்க எழுந்து போனால் எண்ணிக்கை போச்சு.

நூல் நுனிகள் வேறு. ஒவ்வொரு துண்டிலும் 16 பட்டைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டை அகலமாக இருந்து, நிறம் மாறும்போதெல்லாம் நூலை வெட்டினால், நாலு துண்டுக்கு 64 பட்டை, 128 நுனி. அத்தனையையும் உள்பக்கம் ஒவ்வொன்றாகச் செருகி மறைக்க வேண்டும். ஒரே துண்டாகப் பின்னினால் உடம்பின் முன்னும் பின்னும் ஒரே பட்டை. தோளுக்கு வந்ததும் கைகளும் அதே பட்டையில் கலந்துவிடுகின்றன. பட்டைகளின் எண்ணிக்கையே ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. நூலை வெட்டாமல் உள்பக்கமாக மேலே இழுத்துக்கொண்டே போனால் நுனிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இன்னொரு சூக்ஷ்மமும் உண்டு. தட்டையாகப் பின்னும்போது ஒரு வரி போனால் நூல் அந்தக் கோடியில் நிற்கும். ஒற்றை வரிப் பட்டை போட ஆசைப்பட்டால், வேண்டிய நிறம் ஊசியின் மறு கோடியில் இருக்கும். சாதாரணமாகப் பின்னுகிறவர்கள் இரட்டை வரிகளோடு திருப்திப்பட வேண்டியதுதான். வட்டத்தில் அந்தத் தொல்லை இல்லை. எல்லா நிறமும் சுற்று தொடங்கும் இடத்திலேயே காத்திருக்கும். ஒன்று, மூன்று, ஐந்து, எது வேண்டுமோ அதைப் போடலாம். உடுப்பின் வெளிப்பக்கம் எப்போதும் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். நேர்ப்பின்னல் ஒன்றே போதும். மறுபக்கம் திரும்பி எதிர்ப்பின்னல் போடும் வேலையில்லை. பலருக்கு நேர்ப்பின்னல் ஓர் இறுக்கம், எதிர்ப்பின்னல் ஓர் இறுக்கமாக விழுந்து துணி வரிவரியாகத் தெரியும். அந்தக் கவலையும் தீர்ந்தது.

தையல் கட்சிக்காரர்களிடம் ஒரே ஒரு பலமான வாதம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு ஜயித்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. வட்டப் பின்னல் உண்மையில் வட்டம் அல்ல. கைமுறுக்கைப் பாருங்கள்: ஒரு சுற்று முடிகிற இடம், தொடங்கிய இடத்துக்குச் சேராமல் அதற்கு வெளியே போய் நிற்கும். அதுபோல் பின்னலிலும் ஒரு சுற்றின் முடிவு அதன் தொடக்கத்துக்கு ஒரு படி மேலே வந்து நிற்கிறது. ஒரே நிறமானால் தெரியாது. நிறம் மாறும் இடத்தில் பட்டை ஒரு சின்னப் படிக்கட்டாக உடைந்து தெரியும். 'பார்த்தீர்களா? நாங்கள் வரி பிசகாமல் பின்னித் தைத்தால் பட்டை நேருக்கு நேர் பொருந்தும். உங்களுக்குப் பொருந்தவில்லை' என்கிறார்கள்.

வாஸ்தவம். ஆனால் இதற்கு மருந்து உண்டு. மருந்து தையல் அல்ல. புது நிறத்தில் ஒரு சுற்று முடித்து இரண்டாவது சுற்றைத் தொடங்கும்போது, முதல் கண்ணுக்கு நேர் கீழே இருக்கும் பழைய நிறக் கண்ணை ஊசியால் தூக்கி, இரண்டையும் சேர்த்து ஒரே கண்ணாகப் பின்னிவிட வேண்டும். படிக்கட்டு பெரும்பாலும் மறைந்துவிடும். மிச்சம் இருப்பது அக்குளின் நேர் கீழே, கை நிழலில் போய் ஒளிந்துகொள்ளும். ஒற்றை வரிப் பட்டைகளானால் இன்னும் அழகான தந்திரம் இருக்கிறது. மூன்று நிறங்களை மூன்று வேறு இடங்களில் தொடங்கிவிட்டு, ஒன்றை ஒன்று துரத்த விட வேண்டியது. எந்த நிறமும் தன் வாலைத் தானே சந்திப்பதில்லை. ஆகவே படியே கிடையாது. கோலத்தில் இழையை எடுத்த கை விடாமல் கொண்டுபோகத் தெரிந்த நம் பெண்களுக்கு இது ஒரு பெரிய வித்தையா?

மற்ற ஆட்சேபங்கள் இவ்வளவு கனமானவை அல்ல. தையல்தான் உடுப்புக்கு எலும்பு, அது இல்லாவிட்டால் தொய்ந்து போகும் என்பார்கள். கனத்த பருத்தி நூலில் முழங்கால் வரை தொங்கும் அங்கியானால் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு எலும்பு வேண்டும். கம்பளி ஸ்வெட்டருக்கு வேண்டாம். வலை இழுக்கிறவனின் முதுகில் தொய்யாத சட்டை, ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவரின் முதுகிலா தொய்ந்துவிடும்? துண்டானால் கைப்பைக்குள் அடங்கும், முழு ஸ்வெட்டர் மடியில் மூட்டையாகக் கிடக்கும் என்பார்கள். கைகள் இரண்டையும் முதலில் பின்னிக்கொள்ளுங்கள்; அவை பைக்குள் அடங்கும். உடம்பு வளர்ந்து மடியை மூடுவதற்குள் தை மாதக் குளிர் வந்துவிடும். அப்போது அது பாரமாகவா இருக்கும்?

இத்தனை சௌகரியம் இருந்தும் துண்டு முறை ஏன் சாகவில்லை? சௌகரியமும் அசௌகரியமும் பின்னுகிறவளுக்கு. அதிகாரம் வேறு இடத்தில் இருக்கிறது.

பல வருஷங்களுக்கு முன், வடக்கே நான் இருந்த ஒரு குளிர் ஊரில், பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி பள்ளிக்கூடத்துக் கைவேலை வகுப்புக்காகத் தன் தம்பிக்கு நீலமும் வெள்ளையுமாக ஒரு ஸ்வெட்டர் பின்னினாள். அத்தை சொல்லிக் கொடுத்தபடி, வட்ட ஊசியில், கழுத்திலிருந்து தொடங்கி, ஒரே துண்டு. பட்டைகள் மார்பிலிருந்து கைக்கும் கையிலிருந்து முதுகுக்கும் தடையில்லாமல் ஓடின. பதினாலு வயசுப் பெண் செய்த வேலை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மறுநாள் சாயங்காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"டீச்சர் உள்பக்கம் வெளிப்பக்கம் எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தா, மாமி. விலாத் தையல் எங்கேன்னா. தையலே வேண்டாம் டீச்சர்னேன்."

"அதற்கு என்ன சொன்னாள்?"

"தையலுக்கு அஞ்சு மார்க், கை மூட்டறதுக்கு அஞ்சு மார்க். இல்லாத தையலுக்கு எப்படி மார்க் போடறதுன்னு கேக்கறா."

அந்த ஆசிரியை கெட்டவள் அல்ல. அவளுக்கு மேலே இருந்தவர்கள் ஒரு மார்க் அட்டவணையைக் கொடுத்திருந்தார்கள். அதில் தையலுக்கு ஒரு கட்டம் இருந்தது. புத்திக்குக் கட்டம் இல்லை. மறு வருஷம் அந்தப் பெண் நாலு துண்டாகப் பின்னி, தைத்து, முழு மார்க் வாங்கினாள். அதற்குப் பிறகு அவள் ஊசியைத் தொட்டு நான் பார்க்கவில்லை. அவளுக்குப் போன பத்து மார்க்கைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. 'யோசித்துச் செய்தால் தண்டனை, சொன்னபடி செய்தால் பரிசு' என்று பதினாலு வயசில் அவள் கற்றுக்கொண்டாளே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

இது நம் தேசத்துக்கு மட்டும் உள்ள வியாதி என்று நினைக்க வேண்டாம். எலிசபெத் ஸிம்மர்மன் என்ற அம்மாள் 1910-ல் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்தில் வாழ்ந்தவர். 1950-களின் நடுவில் அவர் வட்டமாகப் பின்னிய ஸ்வெட்டர் ஒன்றின் செய்முறையை ஒரு பத்திரிகை வாங்கிக்கொண்டது. வெளியிட்டபோது அதைத் தட்டைப் பின்னலாக மாற்றி எழுதிவிட்டார்கள். கதை எழுதுகிறவர்களுக்கு இந்த வேதனை தெரியும். பத்திரிகாசிரியர் வெட்டிய இடம் நமக்கு மட்டும் வலிக்கும். அந்த அம்மாள் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. 1958-ல் தானே ஒரு செய்திமடல் தொடங்கித் தன் இஷ்டப்படி எழுதினார். பிறகு தொலைக்காட்சியிலும் பின்னிக் காட்டினார். 1971-ல் வெளியான அவருடைய புஸ்தகத்தின் பெயரைத் தமிழில் 'கண்ணீரில்லாத பின்னல்' என்று சொல்லலாம். 1999-ல் 89-ஆவது வயதில் காலமாகும் வரையில் தையலோடு அவர் சமாதானம் செய்துகொள்ளவில்லை.

அவர் செய்த பெரிய உபகாரம் ஒரு கணக்கு. வரி வரியாகக் கட்டளை இடுவதற்குப் பதில், அவர் விகிதத்தைச் சொல்லிக் கொடுத்தார். ஸ்வெட்டரின் சுற்றளவு 40 அங்குலம், உங்கள் கையில் அங்குலத்துக்கு 5 கண் விழுகிறது என்றால், உடம்புக்கு 200 கண். மற்றதெல்லாம் இந்த 200-லிருந்து பிறக்கும். மணிக்கட்டுக்கு 100-க்கு 20 வீதம், 40 கண். மேல்கைக்கு 100-க்கு 33 வீதம், 66 கண். ஒவ்வோர் அக்குளிலும் 100-க்கு 8 வீதம், 16 கண்ணை உடம்பிலும் கையிலும் ஒரு நூலில் கோத்து ஒதுக்க வேண்டும். மிச்சத்தையெல்லாம் ஒரே ஊசியில் ஏற்றினால், உடம்பில் 168, கைக்கு 50 வீதம் 100, ஆக 268. ஓர் அங்குலம் அப்படியே ஏறிவிட்டு, கையும் உடம்பும் சந்திக்கும் நாலு மூலைகளிலும் இரண்டிரண்டு கண்ணாக, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எட்டுக் கண் குறைத்துக்கொண்டே போனால், கழுத்துக்கு 100-க்கு 40 வீதமான 80-க்கு அருகில் வந்து நிற்பீர்கள். நாலாம் வகுப்புக் கணக்கு. குழந்தைக்கும் இதே விகிதம், கனத்த சரீரத்துக்கும் இதே விகிதம். நூல் தடித்தாலும் மெலிந்தாலும் கணக்கு மாறாது.

அக்குளில் ஒதுக்கிய 16 கண்ணைக் கண்ணோடு கண் கோத்துச் சேர்க்க ஓர் ஊசி வேண்டுமே, அது தையல் இல்லையா என்று கேட்பீர்கள். மூன்று அங்குல வேலை. அதுவும் மூட்டுவது அல்ல, ஊசியைக் கொண்டு இன்னொரு வரி பின்னுவது. அதுவும் வேண்டாமென்றால் கழுத்தில் தொடங்கிக் கீழே வாருங்கள். பார்பரா வாக்கர் என்ற அமெரிக்க அம்மாள் மேலிருந்து கீழே பின்னுவதைப் பற்றி 1972-ல் தனிப் புஸ்தகமே எழுதியிருக்கிறார். போட்டுப் பார்த்துக்கொண்டே பின்னலாம். நீளம் போதுமென்று தோன்றும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

நடுத்தரக் குடும்பத்துக்கு இதில் இருக்கும் பெரிய லாபத்தை இன்னும் நான் சொல்லவில்லை. பிள்ளைகள் வளர்கிறார்கள், கம்பளி விலையும் குறைவதாகக் காணோம். கீழிருந்து பின்னித் தைத்த ஸ்வெட்டரை நீளமாக்குவது பெரும் பாடு. தையலைப் பிரிக்க வேண்டும். தொடங்கிய ஓரத்திலிருந்து பின்னல் சுலபமாக உருவி வராது. முடித்த ஓரத்திலிருந்துதான் வரும். மேலிருந்து பின்னியதில் முடித்த ஓரம் கீழேதான் இருக்கிறது. விளிம்பை உருவி, கண்களை ஊசியில் ஏற்றி, உடம்பில் இரண்டு பட்டை, கையில் இரண்டு பட்டை சேர்த்தால் ஐந்து வயசு ஸ்வெட்டர் ஆறு வயசுக்கு வந்துவிடும். பழைய நீலம் கடையில் கிடைக்கவில்லையா? பச்சையைப் போடுங்கள். ஒரே நிற ஸ்வெட்டரில் ஒட்டுப் போட்டதாகத் தெரிவது, பட்டை ஸ்வெட்டரில் இன்னொரு பட்டையாகத் தெரியும். பிள்ளை எந்த வருஷம் எவ்வளவு வளர்ந்தான் என்று சட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். நிலைப்படியில் பென்சில் கோடு போட்டு உயரம் குறிக்கிற வீடுகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு வேடிக்கை. கைக்குத் தையலைக் கற்றுக் கொடுத்த யந்திரமே இப்போது தையலை விட்டுவிட்டது. வட்டமாகச் சுழன்று பின்னும் யந்திரங்கள் வந்து எத்தனையோ காலம் ஆகிறது. திருப்பூரின் பழைய வழி வெள்ளைப் பனியனை எடுத்து விலாவைத் தடவிப் பாருங்கள். துணி குழாயாகவே வந்ததால் அங்கே தையல் இல்லை. 1995-ல் ஜப்பானில் வாகாயாமா நகரத்து ஷிமா செய்கி என்ற கம்பெனி, உடம்பும் கையும் கழுத்துமாக முழு ஸ்வெட்டரையும் ஒரே துண்டாகப் பின்னித் தள்ளும் யந்திரத்தை உலகத்துக்குக் காட்டியது. 1589-ல் யந்திரத்துக்குத் தெரியாமல் இருந்த வித்தையை, நாலு நூற்றாண்டு பாடுபட்டு, ஐந்து ஊசி வைத்திருந்த மீனவப் பெண்ணிடமிருந்து அது கற்றுக்கொண்டுவிட்டது. நம் புஸ்தகங்களும் மார்க் அட்டவணைகளும் மட்டும் வில்லியம் லீயின் பழைய யந்திரத்துக்கு இன்னும் விசுவாசமாக இருக்கின்றன.

ஆகவே பின்னுகிற சகோதரிகளுக்கும், இப்போது பின்னத் தொடங்கியிருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த குளிருக்கு ஒரு வட்ட ஊசியும் இரண்டு நிற நூலும் வாங்குங்கள். பட்டை எத்தனை வரி என்று புஸ்தகத்தைக் கேட்காதீர்கள். நூல் உருண்டையைப் பார்த்து நீங்களே தீர்மானியுங்கள். சொல்லிக் கொடுக்கும் ஸ்தானத்தில் இருப்பவர்கள், தையல் இல்லாத ஸ்வெட்டர் ஒன்றை ஒரு பெண் கொண்டுவந்து நீட்டினால், தயவு செய்து அதை உள்பக்கம் திருப்பிக் குற்றம் தேடாதீர்கள். அவள் தம்பிக்குப் போட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் மார்க் போடுங்கள். தையல் ஊசியை நான் வீசி எறியச் சொல்லவில்லை. பொத்தான் அறுந்தால் அது வேண்டியிருக்கும்.